நொடித்துப்போன நூற்பாலை, இரண்டு வங்கிகள்: ஈட்டுச் சொத்தை விற்கும் உரிமை இப்போது யாரிடம்?

நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். கோவை வட்டாரத்தில் உள்ள ஒரு நூற்பாலை நிறுவனத்துக்குப் பருத்தி விற்று, பணம் வராமல் நிற்கும் வணிகர் ஒருவருக்கு நான் தணிக்கையாளர். அடையாளம் தெரியாதபடி தொகைகளை முழு எண்களாக மாற்றித் தருகிறேன்.

ஆலையின் நிலத்தையும் கட்டடத்தையும் அடமானமாகப் பெற்ற முதல் வங்கிக்கு 24 கோடி ரூபாய் பாக்கி. இயந்திரங்களின் மேல் கடன் கொடுத்த இரண்டாவது வங்கிக்கு 12 கோடி பாக்கி. இயக்குநர் ஒருவரின் சொந்த வீடும் ஜாமீனாக முதல் வங்கியிடம் இருக்கிறது. முதல் வங்கி, நீதிமன்றம் போகாமலே வங்கிகள் ஈட்டுச் சொத்தை விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, சுவாதீனம் எடுத்து, நிலத்தை 13 கோடிக்கு ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் 25 சதவீதம் கட்டினார். மீதியைக் கட்டுவதற்குள், எங்கள் வணிகர் திவால் சட்டத்தின் 9ஆவது பிரிவில் போட்டிருந்த மனுவைச் சென்னை என்சிஎல்டி (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏலம் முடிந்த நிலம் இனி நிறுவனத்தின் சொத்தே இல்லை என்று வங்கி தரப்பில் சொல்கிறார்கள். அது சரியா? சரியென்றால் பிணை இல்லாத எங்களுக்கு மிஞ்சுவது என்ன என்பதே என் கவலை.

ஓய்வுபெற்ற சட்ட அலுவலர்

பொதுத்துறை வங்கி ஒன்றின் மீட்புப் பிரிவில் பணியாற்றியவன் என்பதால், வங்கியின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் வருவதற்கு முன், அடமானச் சொத்தை விற்க வங்கி உரிமையியல் நீதிமன்றத்துக்கோ கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கோ போய் ஆணை பெற வேண்டியிருந்தது. அந்தப் படியை இச்சட்டம் நீக்கியது. கணக்கு வாராக்கடனானதும் 13(2) பிரிவில் 60 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு. கடன்காரர் ஆட்சேபித்தால் 15 நாளுக்குள் காரணத்துடன் பதில். அதற்குப் பிறகு 13(4) பிரிவில் சுவாதீனம். நேரடிச் சுவாதீனத்துக்கு எதிர்ப்பு வந்தால் 14ஆவது பிரிவில் தலைமை நீதித்துறை நடுவரையோ மாவட்ட ஆட்சியரையோ அணுகலாம். 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் அந்தக் கோப்பு எவ்வளவு காலம் உறங்கும் என்பது களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அதற்கு முன்பணமாக 75 சதவீதம் கட்ட வேண்டும் என்றிருந்த நிபந்தனையை 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இனி உங்கள் கேள்வி. 2022 மே மாதத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் ஆர்சிஎம் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே நிலைமையைத்தான் எடுத்துக்கொண்டது. அங்கேயும் ஏலம் முடிந்து, ஒரு பகுதிப் பணம் வந்த பிறகு திவால் மனு ஏற்கப்பட்டது. மீதிப் பணத்தை வங்கி அதற்குப் பின் வாங்கியது. முழு விலையும் செலுத்தப்பட்டு விற்பனை முடிவடையாத நிலையில் தடைக்காலம் (திவால் மனு ஏற்கப்பட்டதும் நிறுவனத்தின் மேலான மீட்பு நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்படும் காலம்) குறுக்கிட்டதால், அந்த விற்பனையைத் தொடர வங்கிக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆகவே நீங்கள் சொல்லும் நிலம் இன்றும் நிறுவனத்தின் சொத்தே. வங்கி மீதிப் பணத்தைப் பெறக்கூடாது. விற்பனைச் சான்றிதழ் கொடுக்கக்கூடாது. வாங்கிய 25 சதவீதத்தையும் ஏலதாரருக்குத் திருப்பித் தர வேண்டிவரும்.

இளம்வழக்கறிஞர்

ஐயா, ஓர் ஐயம். செலிர் நிறுவனத்துக்கும் பாஃப்னா மோட்டார்ஸுக்கும் இடையிலான 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஏல அறிவிப்பு வெளியானவுடனேயே 13(8) பிரிவின்படி கடன்காரரின் மீட்புரிமை முடிந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே. மீட்கும் உரிமையே போன பிறகு அந்த நிலத்தில் நிறுவனத்துக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

ஓய்வுபெற்ற சட்ட அலுவலர்

நல்ல கேள்வி, அம்மா. வங்கி வழக்கறிஞர்களும் இதைத்தான் வாதமாக வைப்பார்கள். கடனை முழுவதும் கட்டிச் சொத்தைத் திரும்பப் பெறும் உரிமை அறிவிப்பு நாளோடு போகிறது. உடைமையோ, விலை முழுவதும் செலுத்தப்பட்டு விற்பனை நிறைவேறும்போதுதான் கைமாறுகிறது. இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவில் சில மாதங்கள் கழியலாம். 25 சதவீதத்தை ஏல நாளிலோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதிக்கு 15 நாள். வங்கி எழுத்தில் இசைந்தால் மொத்தம் மூன்று மாதம் வரை நீட்டலாம். அந்த இடைவெளியில் நிறுவனம் மீட்க முடியாது என்றாலும், சொத்து அதன் பெயரில்தான் இருக்கிறது. திவால் சட்டத்தின் 14ஆவது பிரிவு, சர்பாசி நடவடிக்கையைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. 238ஆவது பிரிவு, மற்ற சட்டங்களோடு முரண்பட்டால் திவால் சட்டமே மேலோங்கும் என்கிறது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நீட்டிப்பை ஏலதாரருக்குச் செய்யும் சலுகையாகவே வங்கிகள் நினைக்கின்றன. நொடிக்கும் நிலையில் இருக்கும் நிறுவனத்தின் சொத்தில், ஒவ்வொரு நாள் நீட்டிப்பும் வங்கி தன் கைப்பிடியைத் தானே தளர்த்திக்கொள்வதாகும். ஒரு கோடிக்கு மேல் பாக்கி வைத்த எந்தச் சரக்கு வணிகரும் என்சிஎல்டி வாசலில் நிற்கலாம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கால அட்டவணை போட வேண்டும்.

தீர்வுப்பணியாளர்

நான் பதிவுபெற்ற திவால் தீர்வு நிபுணர். சட்ட அலுவலர் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தடைக்காலம் வந்ததோடு வங்கி பலமிழந்துவிட்டது என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம். வங்கியிடமிருந்து தனியாக விற்கும் உரிமையை வாங்கிக்கொண்ட சட்டம், அதற்கு ஈடாக வாக்குரிமையைக் கொடுத்திருக்கிறது. மனு போட்ட உங்கள் வணிகருக்குக் கடன் கொடுத்தோர் குழுவில் பொதுவாக வாக்கே கிடையாது. நிதிக் கடன் கொடுத்தவர்கள், அதாவது வங்கிகளைப் போலப் பணமாகக் கடன் கொடுத்தவர்கள்தான் குழு. நிறுவனத்தை மூடாமல் கடனைத் தீர்க்கும் தீர்வுத் திட்டத்துக்கு 66 சதவீத வாக்கு வேண்டும். வாக்கின் எடை கடன் தொகையைப் பொறுத்தது.

நீங்கள் கொடுத்த எண்களைப் பாருங்கள். 36 கோடியில் 24 கோடி என்றால் 66.67 சதவீதம். முதல் வங்கி ஒன்றே, இரண்டாவது வங்கி எதிர்த்தாலும், எந்தத் திட்டத்தையும் நிறைவேற்றலாம். எதிர்த்து வாக்களித்த வங்கிக்கு, கலைப்பு (நிறுவனத்தை மூடிச் சொத்துகளை விற்றுப் பங்கிடுவது) நடந்திருந்தால் 53ஆவது பிரிவின்படி என்ன கிடைத்திருக்குமோ அந்த அளவாவது தர வேண்டும் என்பதுதான் 30(2) பிரிவு கொடுக்கும் பாதுகாப்பு.

அந்தப் "பாதுகாப்பு" எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அமித் மெட்டாலிக்ஸ் வழக்கில், எதிர்த்து வாக்களித்தவர் தன் ஈட்டுச் சொத்தின் முழு மதிப்பையும் கேட்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ருச்சி சோயா தொடர்பான டிபிஎஸ் வங்கி வழக்கில், 2024 ஜனவரியில் இன்னோர் அமர்வு அதை ஏற்காமல், கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. இரண்டாவது வங்கி இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வாக்களிக்க வேண்டும்.

பிணையின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எஸ்ஸார் ஸ்டீல் நிறுவனத்தின் திவால் வழக்கே போதும். அங்கே நிதிக் கடன் கொடுத்தவர்களின் ஏற்கப்பட்ட கோரிக்கை 49,473 கோடி. அவர்களில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் கோரிக்கை 3,487 கோடி. ஆனால் அதன் பிணை, ஒரு வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் பங்குகள் மட்டுமே. அவற்றின் மதிப்பு 25 கோடியைக்கூட எட்டவில்லை. குழு அதற்கு ஒதுக்கியது 60.71 கோடி, அதாவது 1.74 சதவீதம். எல்லோருக்கும் ஒரே விகிதம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மாற்றியதை, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, பிணையின் மதிப்பையும் முன்னுரிமையையும் பார்த்துப் பங்கிடும் அதிகாரம் குழுவுக்கு உண்டு என்று உறுதி செய்தது.

நொய்யல்கரை

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஒரு தகவலை விட்டுவிட்டேன். ஆலையின் லாரிகளுக்கு ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன் 50 லட்சம் நிலுவையில் இருக்கிறது. இது பொருட்படுத்த வேண்டிய தொகையா என்று தெரியவில்லை.

தீர்வுப்பணியாளர்

மிகவும் பொருட்படுத்த வேண்டியது. அந்த நிதி நிறுவனமும் நிதிக் கடன் கொடுத்தவர்தான். அதன் கோரிக்கை ஏற்கப்பட்டால் மொத்தம் 36.5 கோடி, முதல் வங்கியின் எடை 65.75 சதவீதமாகிவிடும். 50 லட்சம் கொடுத்தவரையோ 12 கோடி கொடுத்தவரையோ இணங்க வைக்காமல் 24 கோடிக்காரரால் திட்டத்தை நிறைவேற்ற முடியாது. அதிகாரபூர்வ அறிவிப்பில் கோரிக்கை அளிக்கக் கொடுக்கப்படும் 14 நாளில், இப்படிப்பட்ட சிறிய கோரிக்கைகள்தான் பெரியவர்களின் கணக்கை மாற்றுகின்றன. இயக்குநர்களோ அவர்களுடைய உறவினர்களோ கொடுத்த கடன் இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடர்புடைய தரப்புக்குக் குழுவில் வாக்கு இல்லை.

பஞ்சாலைத்தோழர்

நான் தொழிற்சங்க வழக்குகள் நடத்துகிறேன். வங்கிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தோழர்களே; ஆலையில் வேலை செய்தவர்கள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கலைப்பு என்று வந்தால், 53ஆவது பிரிவில் முதலில் நடைமுறைச் செலவு. அதற்கு அடுத்த படியில், தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கியும், பிணையை விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சம நிலையில் நிற்கின்றன. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஓய்வூதிய நிதி ஆகியவை 36(4) பிரிவின்படி கலைப்புச் சொத்திலேயே சேராது. வங்கி அதில் கை வைக்க முடியாது. இந்த வரிசையை எதிர்த்து மோசர் பேயர் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023இல் சட்டத்தை உறுதி செய்துவிட்டது. எங்களுக்கு அது ஏமாற்றம்தான். 24 மாதத்துக்கு முந்தைய பாக்கி கீழே போய்விடுகிறது. நொடித்துக்கொண்டிருந்த ஆலைகளில் சம்பளம் நின்று மூன்று, நான்கு ஆண்டுகள் ஆன பிறகுதான் திவால் மனுவே வருகிறது.

இந்த ஆலையில் தொழிலாளர் பாக்கி எவ்வளவு என்று நொய்யல்கரை அவர்கள் சொல்ல முடியுமா? வங்கி கலைப்புப் பங்கீட்டில் சேராமல் வெளியே நின்று தானே நிலத்தை விற்றால், தொழிலாளர் பங்கைக் கொடுக்காமல் போய்விடுமோ என்பதுதான் எங்கள் அச்சம்.

நொய்யல்கரை

24 மாதக் கணக்கில் சுமார் 3 கோடி. அரசு வரிப் பாக்கியும் இருக்கிறது. தொகை இன்னும் முடிவாகவில்லை.

தீர்வுப்பணியாளர்

இப்போதுதான் விவாதத்தின் மையத்துக்கு வந்திருக்கிறோம். தீர்வுத் திட்டம் எதுவும் தேறாமல் கலைப்பு ஆணை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 52ஆவது பிரிவு ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு தேர்வைத் தருகிறது: பிணையை விட்டுக்கொடுத்து எல்லோரோடும் சேர்ந்து பங்கு பெறலாம், அல்லது வெளியே நின்று தன் ஈட்டுச் சொத்தைத் தானே விற்றுக்கொள்ளலாம். தடைக்காலத்தில் நின்றுபோன சர்பாசி உரிமை இந்த இரண்டாவது வழியில்தான் மறுபடி உயிர் பெறுகிறது. 30 நாளுக்குள் முடிவைக் கலைப்பாளருக்குத் தெரிவிக்காத வங்கி, பிணையை விட்டுக்கொடுத்ததாகவே கருதப்படும். மேலிடத்து அனுமதிக்காகக் கோப்பு சுற்றிக்கொண்டிருக்கும்போதே இந்த 30 நாளைக் கடந்துவிட்ட வங்கிகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் எண்களை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். நிலம் 13 கோடி, இயந்திரம் 3 கோடி, செலவு 1 கோடி, லாரிகளை ஒதுக்கிவைக்கலாம். இரண்டு வங்கிகளும் உள்ளே வந்தால், பங்கிட 15 கோடி இருக்கும். தொழிலாளர் 3, முதல் வங்கி 24, இரண்டாவது வங்கி 12, ஆக 39 கோடிக்கு இதைப் பங்கிட்டால் முதல் வங்கிக்கு 9.23 கோடி, இரண்டாவது வங்கிக்கு 4.62 கோடி, தொழிலாளருக்கு 1.15 கோடி. வெறும் 3 கோடி மதிப்புள்ள பிணையை வைத்திருந்த வங்கி, நிலத்தின் விலையில் பங்கு பெற்று 4.62 கோடியோடு போகிறது. முதல் வங்கி வெளியே நின்று 13 கோடிக்கு விற்றால், செலவுக்கும் தொழிலாளருக்கும் உரிய பங்காக ஏறத்தாழ 2 கோடியைக் கழித்தாலும் 11 கோடி அதன் கையில் நிற்கும். மீதமுள்ள 13 கோடிக் கடன், அரசு வரிப் பாக்கியோடு சேர்ந்து பிணையில்லாத நிதிக் கடன்களுக்கும் கீழே போய்விடும். அந்தப் படி வரைக்கும் பணம் இறங்குவது அரிது.

பஞ்சாலைத்தோழர் அவர்களின் அச்சத்துக்கு விதியிலேயே விடை இருக்கிறது. வெளியே நிற்கும் வங்கி, நடைமுறைச் செலவிலும் தொழிலாளர் பாக்கியிலும் தன் பங்கை 90 நாளுக்குள் கலைப்பாளரிடம் கட்ட வேண்டும். கடனுக்கு மேல் கிடைத்தால் அதையும் ஒப்படைக்க வேண்டும். கட்டத் தவறினால் அந்தச் சொத்து கலைப்புச் சொத்தில் சேர்ந்துவிடும். பழைய இயக்குநர்களுக்கோ, 29ஏ பிரிவில் தடை செய்யப்பட்ட வேறு யாருக்குமோ சொத்தை விற்கவும் முடியாது.

இளம்வழக்கறிஞர்

இரண்டு வங்கிகளும் ஒரே நிலத்தின் மேல் முதல் சார்ஜ், இரண்டாம் சார்ஜ் என்று (சார்ஜ் என்பது கடனுக்காகச் சொத்தின் மேல் உள்ள பிணை உரிமை) வைத்திருந்தால் என்ன ஆகும்? சிட்கோ லெதர்ஸ் வழக்கில் 2006இல், கம்பெனி சட்டத்தின் கீழ், முதல் சார்ஜ்காரரின் முன்னுரிமை அழியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாகப் படித்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற சட்ட அலுவலர்

அந்தத் தீர்ப்பு பழைய சட்டத்துக்குரியது. பிணையை விட்டுக்கொடுத்து உள்ளே வந்தவர்களுக்குள் முதல், இரண்டாம் என்ற பாகுபாடு 53ஆவது பிரிவில் கிடையாது என்று 2021இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. இது சரியான முடிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. குறைந்த வட்டிக்கு முதல் சார்ஜோடு கடன் கொடுத்தவரையும், அபாயத்தைத் தெரிந்தே இரண்டாம் சார்ஜோடு கூடுதல் வட்டிக்குக் கொடுத்தவரையும் ஒரே தட்டில் நிறுத்தினால், முதல் சார்ஜ்காரர் வெளியேதான் நிற்பார். ஆலை முழுவதையும் ஒன்றாக விற்கும் வாய்ப்பு அத்தோடு போகும்.

வரிப் பாக்கி பற்றியும் ஒரு சொல். ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கில், குஜராத் வாட் சட்டத்தின் 48ஆவது பிரிவு வரித்துறைக்குச் சொத்தின் மேல் முதல் சார்ஜ் தருவதால், அரசும் பிணையுள்ள கடன் கொடுத்தவரே என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வங்கிகளைத் திகைக்க வைத்தது. 2023இல் ராமன் இஸ்பாத் வழக்கில் இன்னோர் அமர்வு, அது அந்த வழக்கின் உண்மைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று ஒதுக்கியது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, ஒப்பந்தத்தால் உருவாகும் பிணையே பிணை, சட்டத்தால் மட்டும் உருவாவது அல்ல என்று தெளிவுபடுத்த முனைந்தது. ஆகவே உங்கள் ஆலையின் வரிப் பாக்கி எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

நொய்யல்கரை

இயக்குநரின் வீடு பற்றி யாரும் சொல்லவில்லையே? தடைக்காலம் அதற்கும் பொருந்துமா?

ஓய்வுபெற்ற சட்ட அலுவலர்

பொருந்தாது. ஜாமீன் கொடுத்தவருக்குத் தடைக்காலத்தின் நிழல் கிடையாது என்று 14(3) பிரிவு சொல்கிறது. வங்கி வீட்டை சர்பாசியின் கீழ் விற்கலாம். தீர்வுத் திட்டம் நிறைவேறினாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபடுவதில்லை என்று 2021இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு கண்ணி மட்டும் உண்டு: ஜாமீன்தாரர் மேல் 94 அல்லது 95ஆவது பிரிவில் தனிநபர் திவால் மனு பதிவாகிவிட்டால், அது ஏற்கப்படுவதற்கு முன்பே, மனு போட்ட நாளிலிருந்து இடைக்காலத் தடை தொடங்கிவிடும். வீட்டு ஏலத்துக்கு முந்தைய வாரம் இயக்குநரே அப்படி ஒரு மனுவோடு வந்து நிற்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

தீர்வுப்பணியாளர்

நொய்யல்கரை அவர்களே, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இந்த நிறுவனத்தின் சார்ஜ் பட்டியலைப் பார்த்தீர்களா? எல்லாக் கணக்கையும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நொய்யல்கரை

இன்று கட்டணம் செலுத்திப் பார்த்தேன். முதல் வங்கியின் 24 கோடிக்கும் பதிவு இருக்கிறது. இரண்டாவது வங்கிக்கு 8 கோடிக்கு மட்டுமே பதிவு இருக்கிறது. பிறகு கொடுத்த 4 கோடிக் கூடுதல் கடனுக்கான சார்ஜ் மாற்றம் பட்டியலில் இல்லை.

தீர்வுப்பணியாளர்

அப்படியானால் படம் மாறிவிடுகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனி சட்டம் 77(3) பிரிவின்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாத சார்ஜைக் கலைப்பாளரோ மற்றக் கடன் கொடுத்தவர்களோ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 4 கோடிக் கடன் அழியாது. குழுவில் அதற்கு வாக்கும் உண்டு. ஆனால் பங்கீட்டில் அது பிணையில்லாத நிதிக் கடனாகக் கீழே இறங்கும். பதிவுக்குரிய 30 நாளும், கூடுதல் கட்டணத்தோடு கிடைக்கும் நீட்டிப்புகளும் முடிந்திருந்தால் இனி சரிசெய்ய வழியில்லை.

பழைய கணக்கைத் திருத்துங்கள். 15 கோடியை இப்போது 35 கோடிக்குப் பங்கிட வேண்டும். முதல் வங்கிக்கு 10.29 கோடி வருகிறது; வெளியே நின்றால் கிடைக்கும் 11 கோடிக்கும் இதற்கும் இடைவெளி சிறியது. நிலத்தையும் இயந்திரத்தையும் ஒன்றாக விற்றால் 16 கோடிக்குப் பதில் ஒன்றிரண்டு கோடி கூடுதலாகக் கிடைக்கும் என்று மதிப்பீட்டாளர் சொன்னால், முதல் வங்கி உள்ளே வருவதே அதற்கும் தொழிலாளருக்கும் இலாபம். உங்கள் வணிகர் எந்தக் கணக்கிலும் இந்தப் படிக்குக் கீழேதான் நிற்கிறார். கலைப்பில் அவருக்கு ஏதும் வராது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆலையை வாங்க வருபவருக்குப் பருத்தி கொடுக்க அந்த வட்டாரத்தில் யாராவது வேண்டும் என்பதால், தீர்வுத் திட்டத்தில் சரக்கு வணிகர்களுக்கு ஒரு சிறு பங்காவது ஒதுக்குவார்கள். ஆகவே இடைக்காலத் தீர்வு நிபுணரிடம் கோரிக்கையைப் படிவம் 'பி'யில், பில்களோடும் கணக்கு ஒப்புதல் கடிதத்தோடும் அந்த 14 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். அந்த 4 கோடியின் பதிவுச் சான்றிதழை இரண்டாவது வங்கி காட்டியதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.